இஸ்திரி போட்ட திருட்டு

அத்தியாயம் 5

மெட்டரசன் அழுது முடிக்கும்வரை காத்திருக்கும்படி சொல்லியிருந்தார்கள்.

ஸ்டுடியோவின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், இசையமைப்பாளர் மெட்டரசன் ஒரு தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பாட்டைத் திருடியவர்களை நினைத்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார். மெட்டரசன் என்பது ரசிகர்கள் சூட்டிய பட்டம் என்று எல்லாப் பேட்டியிலும் சொல்வார். எந்த ரசிகர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நடுவில் விளக்கு சரியாக விழவில்லை என்று கேமராக்காரர் கையை உயர்த்தினார். உடனே அழுகை நின்றது. விளக்கைத் திருப்பி வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இந்தப் பக்கம் சோபாவில் பூட்டம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பல வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். பொய்க் காரணம் காட்டிப் பணம் கேட்டு வந்தவர்கள் கடுப்பில் வைத்த பெயர்தான் பூட்டம்மா. அந்த வேலையை விட்டுவிட்டு அவர் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, பெயரும் கூடவே வந்தது. கணவரின் தம்பியும் கூடவே வந்தான். நாற்பதை நெருங்கும் வயதில் எந்த வேலையிலும் நிலைக்காத அவனுக்கு, வாய் மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது. அதனால் குடும்பம் மொத்தத்துக்கும் அவன் ரேடியோ.

"அண்ணி, இப்படி லைட்டைப் போட்டா அழறது, அணைச்சா நிறுத்தறது எல்லாம் எங்கயாவது சொல்லித் தர்றாங்களா? எனக்கு வீட்டுல உபயோகப்படும்" என்றான் ரேடியோ.

"உனக்கு எதுக்கு? உன்னைப் பாத்தாலே உன் பொண்டாட்டி அழறா. அது போதும்."

விஷயம் இதுதான். ஒரு படத்துக்காக மெட்டரசன் இசையமைத்து, தானே பாடியும் வைத்திருந்த பாட்டு, வெளியாவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. பல்லவியும் முதல் சரணமும் மட்டும். மிச்சப் பாட்டு இன்னும் பதிவாகவே இல்லை. ஆனால் இருக்கிற பாதியே பேருந்தில், ஜவுளிக்கடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்று எங்கே திரும்பினாலும் ஒலித்தது. பூட்டம்மாவும் கேட்டுப் பார்த்தார். பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஆளுக்குள்ளிருந்து இப்படி ஒரு மெட்டா என்று இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

பாட்டின் உரிமையை வாங்கியிருந்த இசைக் கம்பெனியின் முதலாளிதான் பூட்டம்மாவை அமர்த்தியவர். அவருக்கு இசையைப் பற்றியோ நியாயத்தைப் பற்றியோ பெரிய கவலை எதுவும் கிடையாது. திருடியது யார் என்று தெரியும்வரை கீபோர்டைத் தொட மாட்டேன் என்று மெட்டரசன் சபதம் போட்டுவிட்டார். படம் வெளியாகும் தேதி நெருங்குகிறது. மனம் உடைந்த கலைஞனை ஒட்டவைக்க முதலாளிக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான்.

பேட்டி முடிந்தது. மெட்டரசன் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டபடி வெளியே வந்தார்.

"இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? பாட்டு ரெண்டே பேர்கிட்டதான் இருந்தது. ஒண்ணு நான். இன்னொண்ணு அந்த ரிக்கார்டிங் பொண்ணு. தங்கச்சி மாதிரி வெச்சிருந்தேன். தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன். சோறு போட்ட கையையே கடிச்சிட்டா."

"சம்பளம் போட்டீங்களா சார்?" என்றான் ரேடியோ.

மெட்டரசன் அது காதில் விழாதது போல் பூட்டம்மாவைப் பார்த்தார். "இன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுல பிரஸ் மீட். அவ பேரை நானே சொல்லப் போறேன். ஒலிப்பதிவாளர் சங்கத்துலயும் சொல்லிட்டேன். நாளையிலேருந்து எந்த ஸ்டுடியோவுலயும் அவளை ஒயர் சுத்தக்கூடக் கூப்பிட மாட்டாங்க. நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுத்தீங்கன்னா மொறையா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து ரேடியோவின் போன் அடித்தது. அழைப்பு மணியாக ஒலித்தது அதே பாட்டு. மெட்டரசனின் குரல் மெட்டரசனின் ஸ்டுடியோ வரவேற்பறையில் கணீரென்று கேட்டது. அவர் முகம் கோணியது.

"விசாரணைக்காக வெச்சிருக்கேன் சார்" என்று ரேடியோ அவசரமாகப் போனைத் தட்டினான். "இந்தச் சனியன் வேற அப்பப்ப குரலை முழுங்குது. கடையில காட்டினேன். ஸ்பீக்கர் போச்சுன்னு புதுசு மாத்திக் காசைப் புடுங்கிட்டான். இன்னும் முழுங்குது."

மெட்டரசன் திருட்டுப் பாட்டை வைத்திருக்கும் கேவலமான ஜனங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியதும் பூட்டம்மா திரும்பினார்.

"குரலை மட்டுமா முழுங்குது?"

"ஆமா அண்ணி. தாளம் பாட்டுக்குப் போயிட்டிருக்கு. குரல் மட்டும் ஒரு சொடுக்கு நேரம் காணாம போயி, திரும்ப வருது."

"ஸ்பீக்கர் கெட்டா தாளத்தை மட்டும் எப்படி விட்டு வைக்கும்?"

ரேடியோ யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "அப்ப அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டானா?"

"அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். கிளம்பு."

*

ரிக்கார்டிங் பெண்ணின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், படிக்கட்டை ஒட்டி இருந்தது. அவளுடைய அம்மா கதவைத் திறந்து, வந்தவர்களைப் பார்த்ததும், "போலீஸா?" என்றார். குரல் நடுங்கியது.

"இல்லம்மா, அதைவிடக் கம்மி சம்பளம்" என்றான் ரேடியோ.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பூட்டம்மாவுக்கும் அந்த நேரத்தில் அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

உள்ளறையில் அவள் ஒரு துணி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒலிவாங்கியின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அலமாரிக்குள் புடவைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் இன்னொரு ஒலிவாங்கி தொங்கியது. சின்னச் சின்ன விளம்பரக் குரல்களை அதற்குள் தலையை விட்டுத்தான் பதிவு செய்வாளாம். துணி எதிரொலியைக் குடித்துவிடும். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கண்கள் வீங்கியிருந்தன. இதற்கு விளக்கு எதுவும் தேவைப்படவில்லை என்று பூட்டம்மா கவனித்துக்கொண்டார். ஆனால் இரக்கப்படவில்லை. நன்றாக அழத் தெரிந்த திருடர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"நீ வெளிய விட்டியா?"

"இல்ல மேடம்."

"பாட்டு உன்கிட்ட இருந்ததா?"

"இருந்தது. வயலின் எங்கெங்க சேக்கணும்னு பாக்கச் சொல்லி அவரே குடுத்தார். இப்பவும் இருக்கு. நான் எதையும் அழிக்கல. அழிச்சா அதையே காரணமா சொல்வாங்க."

புத்திசாலிப் பெண்தான். அல்லது புத்திசாலித் திருடி.

"கசிஞ்ச பாட்டும் இதுவும் ஒண்ணுதானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாது மேடம். கசிஞ்சதை நான் கேக்கவே இல்ல. ஊரே அதை வெச்சு என்னைத் திட்டுது. அதை நான் போட்டு வேற கேக்கணுமா?"

பூட்டம்மா அவளுடைய கணினியில் இருந்த பாட்டைப் போடச் சொன்னார். அதே மெட்டு. அதே குரல். சரணத்தின் கடைசி அடியில் குரல் மேலே ஏறி நிற்க வேண்டிய இடம் வந்தது. ஏறியது. நிற்கவில்லை. ஏணியின் உச்சியில் இல்லாத படியில் கால் வைத்த ஆள் மாதிரி தடுமாறி, கரகரத்து, எப்படியோ கீழே வந்து சேர்ந்தது. சுருதி கால் முழம் தள்ளிப் போயிருந்தது.

"அய்யய்யோ!" என்றான் ரேடியோ. "என் காதுக்கே தெரியுதுன்னா பாத்துக்குங்க."

"நிறுத்து. இப்ப நீ உன் போனைப் போடு."

ரேடியோவின் போனில் அதே இடம் வந்தது. குரல் ஏறியது. சிகரத்தில் கொடி நட்டதுபோல் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குரல் மட்டும் ஒரு சொடுக்கு நேரம் அணைந்து திரும்ப வந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது நான் வெச்சிருக்கறது இல்ல. சுருதியைத் திருத்தியிருக்காங்க. குரலைக் கம்ப்யூட்டர்ல போட்டு, தப்பான சுரத்தை இழுத்து நேரா வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கு."

"குரல் அணையுதே, அது?"

"அந்த சாஃப்ட்வேரைக் காசு கட்டி வாங்காம திருட்டுத்தனமா போட்டிருந்தா அப்படித்தான் வரும் மேடம். அந்த சாஃப்ட்வேரை உருவாக்கினவன் வெச்ச பொறி. அப்பப்ப குரலை அணைச்சு அணைச்சுக் காட்டும். ஸ்டுடியோவுல இருக்கறது கம்பெனிக்காரர் காசு கட்டி வாங்கினது. அதுல வராது. என்கிட்ட அது இல்லவே இல்ல. நீங்க பாத்துக்கலாம்."

பூட்டம்மா பார்த்தார். அதாவது ரேடியோவைப் பார்க்கச் சொன்னார். வாய் தவிர அவனிடம் உருப்படியாக இருந்த இன்னொரு விஷயம், கணினிக்குள் கையை விட்டுத் துழாவும் திறமை. அவன் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அப்படி ஒன்று அங்கே இருந்த தடயமே இல்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல அண்ணி" என்றான். "திருடினவன் கிடைச்சதைக் கிடைச்சபடி வித்துட்டு ஓடுவான். எந்தத் திருடன் திருடின சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுப்பான்?"

"சட்டை அவனோடதா இருந்தா போடுவான்" என்றார் பூட்டம்மா.

ரேடியோ கணினியிலிருந்து கையை எடுத்தான்.

"உன் மேல அவருக்கு என்ன கோபம்?" என்று பூட்டம்மா கேட்டார்.

அவள் கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "படத்துல என் பேரு போடணும்னு கேட்டேன். அந்த மெட்டு என்னோடது மேடம். ஒருநாள் பிரேக்ல சும்மா பாடிட்டிருந்தேன். 'நல்லா இருக்கே தங்கச்சி, இன்னொரு தடவை பாடு'ன்னார். பாடினேன். அடுத்த வாரம் அவர் போட்ட மெட்டுன்னு வாத்தியக்காரங்களுக்கு வாசிச்சுக் காட்டறார். பேரு வேணும்னு நான் கேட்ட மறுநாள் பாட்டு கசிஞ்சுது."

குற்றம் சாட்டப்படுபவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் எல்லாமே தங்களுடையது என்று சொல்வார்கள். பூட்டம்மாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"முழுப் பாட்டும் பாடினியா?"

"இல்ல. மொத சரணத்தோட பிரேக் முடிஞ்சுது."

"மொகத்தைக் கழுவிட்டு வா" என்று பூட்டம்மா எழுந்தார். "நம்ம எல்லாரும் பிரஸ் மீட்டுக்குப் போறோம்."

வாசலில் அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளை அங்க எதுக்கு மேடம் கூட்டிட்டுப் போறீங்க? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துவாங்க."

"அசிங்கம் ஆள் பாத்து வரட்டும்மா" என்றார் பூட்டம்மா.

*

மெட்டரசனின் வீட்டில் வரவேற்பறை பெரிது, ரசனை சிறிது. சுவர் முழுக்க அவருடைய படம். உள்ளே இசைக்கூடம். அதன் கதவில் அவர் விரலை நீட்டி முறைக்கும் ஒரு பெரிய போஸ்டர்: 'திருட்டு இசையைத் தொடாதீர்கள்.' வெளியே தோட்டத்தில் நாற்காலி போட்டு, பத்திரிகைக்காரர்களும் கேமராக்காரர்களும் வர ஆரம்பித்திருந்தார்கள்.

இசைக்கூடத்தில் முதலாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பார்க்காத நேரத்தில் மனிதர்களைப் பார்ப்பார். அப்போதும் போனையே பார்ப்பது போலத்தான் இருக்கும்.

"ஆளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டோம் சார்" என்றார் பூட்டம்மா.

பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்ததும் மெட்டரசனின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! ஒத்துக்கிட்டாளா?"

"இன்னும் இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். எனக்கு சங்கீதம் தெரியாது, தப்பா நினைக்காதீங்க. அந்தச் சரணத்துல கடைசியா குரல் மேல ஏறி நிக்குதே, அங்க எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. அதை இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதாவது சரி பண்ணினாளா?"

மெட்டரசனுக்கு முன்னால் ஒரு கதவு அகலத் திறந்திருந்தது. ஆமாம், அவள்தான் திருத்தினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தப்பித்துப் போயிருக்கலாம். பூட்டம்மா இருபது வருஷ அனுபவத்தை நம்பி அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தார். கர்வம் பிடித்த மனிதன் குனிந்து போக வேண்டிய வாசலில் போக மாட்டான்.

"இவளா? என் குரலையா?" மெட்டரசன் எழுந்தே விட்டார். "என்னம்மா பேசறீங்க? அது ஒரே டேக். இத்தனை வருஷத்துல என் குரலை எந்த மெஷினும் தொட்டது கிடையாது. கசிஞ்ச பாட்டுல நீங்க கேட்டது அப்படியே என் தொண்டையிலேருந்து வந்தது."

"முதலாளி சார், கேட்டுக்கிட்டீங்களா?"

"ம்" என்றார் முதலாளி, போனைப் பார்த்தபடி.

"ரேடியோ, போடு."

பெண்ணிடமிருந்து எடுத்து வந்த பாட்டு ஒலித்தது. ஏறியது. தடுமாறியது. கரகரத்தது. பெரிய ஒலிபெருக்கியில் அது இன்னும் மோசமாக இருந்தது. முதலாளி முதல் முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இது யாரு?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

"அன்னைக்கு... எனக்கு ஜலதோஷம்" என்றார் மெட்டரசன்.

"இந்தப் பொண்ணுகிட்ட இருந்தது இது மட்டும்தான். ஊர்ல ஓடறது திருத்தினது."

"அப்ப இவதான் திருத்தி வெளிய விட்டிருக்கா!"

"யாரும் தொடலன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ரெண்டு வாக்குமூலமும் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் ரேடியோ. "ஏதாவது ஒண்ணை வெச்சுக்குங்க."

பூட்டம்மா குரல் அணையும் விஷயத்தை முதலாளிக்குச் சுருக்கமாகச் சொன்னார். ஸ்டுடியோவில் இருப்பது காசு கட்டியது. பெண்ணின் கணினியில் அது இல்லவே இல்லை. பார்க்காமல் மீதி இருப்பது இந்த அறையில் இருக்கும் கணினி ஒன்றுதான்.

"அதெல்லாம் தொடக் கூடாது! என் படைப்புகள் இருக்கு!" என்று மெட்டரசன் குறுக்கே வந்தார்.

"பாத்துட்டுப் போகட்டுமே" என்றார் முதலாளி. அவர் குரலில் சூடு ஏறியிருந்தது. ரேடியோ அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தட்டு தட்டிவிட்டான். சுருதி திருத்தும் மென்பொருள் திறந்தது. திறந்ததும் திரை நடுவில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது: 'நீங்கள் இதற்கு இன்னும் பணம் செலுத்தவில்லை.' ரேடியோ அதைச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பெட்டியை மூடியதும், கடைசியாகச் செய்த வேலை அதுவாகவே வந்து நின்றது. அந்தச் சரணத்தின் கடைசி அடி. மேலே ஏறி நிற்கும் சுரம் மட்டும் வேறு வண்ணத்தில், இழுத்து நேராக்கப்பட்டுப் பளபளத்தது.

"நல்லா மொடமொடன்னு இஸ்திரி போட்டிருக்கீங்க சார்" என்றான் ரேடியோ. "கோடுகூட விழல."

மெட்டரசனின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அசடு வழிந்ததும் அடங்கிப் போகிற ஜாதி இல்லை அவர். துடைத்துப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி. நான்தான் விட்டேன். அதுக்கென்ன? என் பாட்டு. என் பாட்டை நானே வெளிய விட்டா அது எப்படித் திருட்டாகும்?"

"உன் பாட்டா?" முதலாளி கத்தினார். "வாங்கினது நான்! அது என் சொத்து!"

"போட்டது நான்!"

"நான் காசு குடுக்கலன்னா நீ எங்கய்யா போட்டிருப்ப?"

இரண்டு பேரும் பாட்டு யாருடையது என்று உரக்கச் சண்டை போட்டார்கள். கதவோரமாக நின்றிருந்த பெண்ணை இரண்டு பேரும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டம்மாவுக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. கடையைத் தானே கொளுத்திவிட்டுக் காப்பீடு கேட்டு வந்தவர்கள்கூட இவர்களைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

"ஏன் விட்டார்னு கேக்க மாட்டீங்களா?" என்று அவர் சண்டைக்கு நடுவில் புகுந்தார். "இந்த மெட்டு இவளோடது. பேரு கேட்டா. மறுநாளே பாட்டு கசிஞ்சுது. ஊரெல்லாம் இவர் குரல்ல கேட்டு, இவர் மெட்டுன்னு பதிஞ்சு போச்சு. கூடவே இவளைத் திருடின்னும் சொல்லியாச்சு. திருடி நாளைக்கு வந்து 'மெட்டு என்னோடது'ன்னா யாரு நம்புவா? ஒரே கல்லுல இவர் அடிச்சது மாங்காய் இல்ல, இந்தப் பொண்ணோட பொழைப்பு."

முதலாளி யோசித்தார். போனைப் பார்த்தார். எத்தனை பேர் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே இருந்தது. அது ஏற ஏற அவருடைய கோபம் இறங்கிக்கொண்டே வந்தது.

"சரி, விடுங்க" என்றார் கடைசியில். "பாட்டு நல்லாத்தான் ஓடுது. நமக்கு விளம்பரச் செலவு மிச்சம். வெளிய போய், யாரோ ஹேக்கர் பண்ணிட்டான்னு சொல்லிக்கலாம். பொண்ணு பேரு வேண்டாம். ஏதாவது குடுத்து அனுப்பிடுங்க. மெட்டு யாரு போட்டா என்ன, இதெல்லாம் நிரூபிக்கிற விஷயமா?"

மெட்டரசன் பெருமூச்சு விட்டார். "அதானே! குமிழைத் திருப்பற வேலை பாக்கறவங்க எல்லாம் மெட்டு போட்டா நாங்க எதுக்கு?"

கதவோரத்தில் அந்தப் பெண்ணின் முகம் செத்துப் போனது. திருடி என்ற பட்டம் போயிற்று. ஆனால் பாட்டும் போயிற்று. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"இரு" என்றார் பூட்டம்மா. பிறகு மெட்டரசனிடம் மிக மரியாதையாக, "ரொம்ப சுலபமா முடிச்சிடலாம் சார். திருடினது யாருன்னு தெரிஞ்சாச்சு. உங்க சபதம் தீந்துபோச்சு. ரெண்டாவது சரணத்தைப் பாடுங்க."

"அட, ஆமா!" முதலாளி நிமிர்ந்தார். "மிச்சப் பாட்டு எங்கய்யா? படம் வரப்போகுது."

"மூட் வரணும் சார்..."

"சும்மா மெட்டை மட்டும் பாடிக் காட்டு."

மெட்டரசன் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். விரல்கள் இங்கும் அங்கும் அலைந்தன. பிறகு பாடினார். அறையில் இருந்த யாருக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை.

"இது மொத சரணமாச்சே?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

"ஆமா, சத்தமா இருக்கு" என்றான் ரேடியோ.

"இது யாரோட பாட்டுன்னு இனி நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் பூட்டம்மா. "இவர்கிட்ட இருக்கறது அவ பிரேக்ல பாடினது மட்டும்தான். பிரேக் முடிஞ்ச இடத்துல இவர் பாட்டும் முடிஞ்சு போச்சு. அதனாலதான் மனசு ஒடைஞ்சுது, சபதம் போட்டார், எல்லாம்." அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட இருக்கா?"

அவள் தலையசைத்தாள். கைப்பையைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே, கண்ணை மூடிப் பாடினாள்.

முதல் சரணம் எங்கே ஏறியதோ அங்கே இது இறங்கியது. இறங்கி, இனி எங்கே போகப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி ஒரு திருப்பத்தில் தயங்கி நின்று, பிறகு யாரும் நினைக்காத பக்கம் வழியாகப் பல்லவியின் வாசலை நோக்கி நடந்தது. சங்கீதம் தெரியாத பூட்டம்மாவுக்கே அது புரிந்தது. தாய் நடுங்கி நின்ற கதவும், துணி அலமாரியும், வீங்கிய கண்ணும் அந்த மெட்டுக்குள் இருந்தன. தான் அந்தப் பெண்ணையும் சந்தேகப்பட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

மெட்டரசனின் விரல்கள் அவளுடைய சுரங்களைத் தேடி, சத்தமில்லாமல் கீபோர்டின் மேல் நகர ஆரம்பித்திருந்தன. முதலாளியின் போன் மெல்ல மேலே எழுந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். விரல்களைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பாட்டை அப்படியே பாதி அடியில் நிறுத்தினாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? மீதி?" என்றார் முதலாளி. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. ஒரு மெட்டு எவ்வளவு தூரம் ஓடும் என்பது மட்டும் அவருக்குக் கேட்டவுடன் தெரிந்துவிடும்.

"மீதி என்கிட்ட இருக்கு சார்."

"அது தெரியுது. பாடு, பாடு."

"வெளிய எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. என்னைத் திருடின்னு சொல்றதுக்காக வரச் சொன்னவங்க. இவர் அங்க போய், பாட்டை வெளிய விட்டது யாருன்னும், மெட்டு யாரோடதுன்னும் என் பேரோட சொல்லட்டும். நான் இங்கயே உக்காந்து கேட்டுட்டிருக்கேன்."

ரேடியோ எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்கார்ந்தாள்.

மெட்டரசன் முதலாளியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவரைச் சபை நடுவில் ஐயா என்றும் அண்ணன் என்றும் அழைத்த மனிதர், இப்போது தன் டிரைவரிடம் பேசுகிற குரலில் பேசினார். நியாயம் அவர் தலையில் உதித்துவிடவில்லை. அது பூட்டம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

"என்னய்யா பாத்துட்டிருக்க? சீக்கிரம் போய்ச் சொல்லிட்டு வா" என்றார் முதலாளி. "பாட்டு பாதியில நிக்குது."